வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. தோழியைப் பார்த்து ஏழு மாதம் ஆகிறது

மூன்றுநாள்காரி | புதன், இரவு 10.52

சின்னவன் தூங்கிவிட்டான். பெரியவள் தூங்குவதுபோல் நடிக்கிறாள். அவள் எழுந்து வருவதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும்.

எனக்கு இரண்டு பிள்ளைகள், எட்டு வயதும் நான்கு வயதும். திங்கள், செவ்வாய், வியாழன் மூன்று நாள் அலுவலகம், மொத்தம் 24 மணி நேரம். புதனும் வெள்ளியும் ‘லீவு’. கணவருக்கு ஐந்து நாள் முழுநேர வேலை. சின்னவன் பிறந்தபோது இருவரும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தோம்: சனியும் ஞாயிறும் நாங்கள் நான்கு பேருக்கு மட்டும்தான், வேறு யாருக்கும் கிடையாது. இன்று வரை அதைக் காப்பாற்றி வருகிறோம். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது, போன வாரம் வரை.

போன வாரம் ஒரு போட்டோ பார்த்தேன். கல்லூரிக் காலத்திலிருந்து 16 வருடமாக நாங்கள் நான்கு பேர். போட்டோவில் மூன்று பேர் இருந்தார்கள். ஏன் கூப்பிடவில்லை என்று சண்டைக்குப் போகிற ஆள் இல்லை நான். “நல்லா இருந்துச்சா?” என்று மட்டும் கேட்டேன். நெருங்கின தோழியிடமிருந்து பதில் வந்தது: “உனக்கு வீக்எண்டுன்னா குடும்பம்னு தெரியும், தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டோம்.” கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மரியாதையாகச் சொல்லிவிட்டாள்.

எனக்கு நேரம் இருக்கிற புதன், வெள்ளியில் அவர்கள் வேலையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும்போது நான் வீட்டில். இரவில் பேசலாம் என்றால் ஒன்பதரைக்கு மேல் வாய் திறக்கத் தெம்பு இல்லை. கணவரிடம் சொன்னேன். “போயிட்டு வாயேன், யார் வேண்டாம்னா?” என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் நான் போக வேண்டுமென்றால் மாற்றுத்துணி எடுத்து வைத்து, எத்தனை மணிக்கு என்ன கொடுப்பது என்று சொல்லி, மருந்து எந்த அலமாரியில் என்று காட்டிவிட்டு, போன இடத்தில் நாலு போன் எடுத்து, திரும்பி வந்து வீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டும். இதற்குப் போகாமலே இருந்துவிடலாம் என்று தோன்றிவிடுகிறது.

பகுதிநேர வேலை பார்க்கிற நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? “மனசு வைத்தால் முடியும்” என்கிற பதில் மட்டும் வேண்டாம்.

அரைநாள் அம்மா | புதன், இரவு 11.10

என் வீட்டிலும் இதே கதைதான். என் தோழியோடு சேர்ந்தாற்போல் அரைமணி நேரம் கடைசியாகப் பேசியது அவளுடைய அப்பா இறந்தபோது. துக்கம் விசாரிக்கப் போனதால்தான் பார்த்துக்கொண்டோம்.

கணக்குப்பிள்ளை | வியாழன், காலை 6.15

யோசனை சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி. அந்தப் புதனும் வெள்ளியும் எங்கே போகின்றன? ‘வேலை இருக்கும்’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். நாளைக்கு வெள்ளி. காலையிலிருந்து மணிவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள்.

வாரத்துக்கு 168 மணி நேரம். அலுவலகம் 24, தூக்கம் ஒரு 50 என்று வைத்தாலும் மீதி 94. இதில் இரண்டு மணி நேரம் கிடையாது என்றால் நம்ப முடியவில்லை. இருக்கிறது, ஆனால் சில்லறையாகச் சிதறிக் கிடக்கிறது என்பது என் ஊகம்.

எதிர்க்கட்சி | வியாழன், காலை 8.02

எல்லோரும் அடிக்க வருவீர்கள், பரவாயில்லை. பிள்ளைக்கு நான்கு வயது ஒரு தடவைதான் வரும். 16 வருட நட்பு இன்னும் நாலு வருடம் காத்திருக்காதா? காத்திருக்காவிட்டால் அது என்ன நட்பு? என் பிள்ளைகள் மூன்று பேரும் பள்ளிக்குப் போகிற வரை நான் யாரையும் பார்க்கவில்லை. ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை.

அரைநாள் அம்மா | வியாழன், காலை 8.20

சரி, குடிமுழுகவில்லை. இப்போது எத்தனை நண்பர்கள் இருக்கிறார்கள் உங்களுக்கு?

எதிர்க்கட்சி | வியாழன், காலை 8.31

அது வேறு விஷயம்.

கணக்குப்பிள்ளை | வியாழன், காலை 9.05

வேறு விஷயம் இல்லை, சார். ஜெஃப்ரி ஹால் என்கிற அமெரிக்கப் பேராசிரியர் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பர் ஆவதற்குச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது, நெருங்கிய நண்பர் ஆவதற்கு 200 மணிக்கு மேல் என்று அதில் கண்டார்கள். வேலையில் ஒன்றாக இருக்கிற நேரத்துக்கு அவ்வளவு மதிப்பு இல்லை. சும்மா சேர்ந்து பொழுதுபோக்குகிற நேரம்தான் கணக்கு.

கல்லூரியில் அந்த 200 மணி ஒரே பருவத்தில் வந்துவிடும், நாம் கவனிப்பதுகூட இல்லை. பிள்ளைகள் வந்தபின் மாதம் இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறீர்கள் என்றால் 200 மணி சேர எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். ஆகவே இந்த அம்மாவிடம் இருப்பது ஏற்கெனவே கட்டி முடித்த வீடு. இடிந்த பிறகு புதிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்று சொல்வது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

மூன்றுநாள்காரி | வெள்ளி, இரவு 10.30

கணக்குப்பிள்ளை ஐயா, எழுதினேன். எழுதியதற்கு வருத்தப்படுகிறேன்.

8.40: இருவரையும் பள்ளியில் விட்டேன். 9 முதல் 9.50 வரை வங்கி. பெரியவளின் கணக்கில் பிறந்த தேதியைத் தப்பாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் மறுபடியும் போக வேண்டும். 10 மணிக்கு அலுவலகத்திலிருந்து போன். “இன்னைக்கு நீங்க இல்லன்னு தெரியும், ஒரே ஒரு நிமிஷம்.” அந்த ஒரு நிமிடம் 35 நிமிடம் ஓடியது. அவர்கள் கேட்ட கோப்பைத் தேடி அனுப்ப இன்னும் 20. பதினொன்றுக்குத் துணி. ஒன்பதரைக்கு வருவதாகச் சொன்ன குழாய் ரிப்பேர்க்காரர் பதினொன்றரைக்கு வந்தார். 12.30க்குச் சின்னவனுக்குப் பள்ளி முடிந்துவிட்டது, அதற்குமேல் என் நேரம் என்று எதுவும் இல்லை. 3.15க்குப் பெரியவள். நான்கு மணிக்கு அவளுக்கு நீச்சல், சின்னவன் என் மடியில், நான் ஒற்றைக் கையால் அலுவலக மெயில். ஆறு மெயில். ஐந்தரைக்கு ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் விழாவுக்குப் பரிசு வாங்கினேன். அந்தப் பிள்ளை யாரென்றே எனக்குத் தெரியாது, வகுப்புத் தோழன்.

கூட்டிப் பார்த்தால், விடுமுறை நாளில் அலுவலக வேலை மட்டும் ஒன்றே முக்கால் மணி. புதன்கிழமையையும் ஞாபகத்திலிருந்து எழுதினேன், அன்றைக்கு இரண்டரை மணி. வாரத்துக்கு நான்கே கால் மணி நேரம் ஓசியில் உழைக்கிறேன். எனக்கென்று உடையாமல் கிடைத்த மிகப் பெரிய துண்டு 25 நிமிடம். அதில் துணி மடித்தேன்.

பாதிச்சம்பளம் | சனி, காலை 5.50

நான்கே கால் மணி என்றதும் எழுதியே ஆக வேண்டும் என்று வந்தேன். ஒன்பது வருடமாகப் பகுதிநேரம். மூன்று விதமான அட்டவணையும் பார்த்துவிட்டேன்.

முதலில் ஐந்து அரைநாள். காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை. கேட்க அழகாக இருக்கும். நடப்பில், பன்னிரண்டரைக்கு மீட்டிங் வைப்பார்கள், ஒன்றே கால் ஆகியும் முடியாது, பிள்ளை பள்ளி வாசலில் நிற்கும். போக்குவரத்து நேரம் ஐந்து நாளும் அப்படியே. சம்பளம் பாதி, அலைச்சல் முழுசு. அடுத்து வெள்ளிக்கிழமை விடுமுறை. அது வார இறுதிக்கான தயாரிப்பு நாளாக மாறியது, சனி ஞாயிறு நன்றாக ஓடுவதற்கு வெள்ளி பலி. இப்போது புதன் பிற்பகலும் வியாழன் முழு நாளும் விடுமுறை. ஒட்டினாற்போல் ஒன்றரை நாள் இருப்பதால் அலுவலகமும் “வெள்ளிக்கிழமை கேட்டுக்கலாம்” என்று விட்டுவிடுகிறது. உங்களுக்குப் புதனும் வெள்ளியும் தனித்தனியாக இருப்பதுதான் வினை. இரண்டு பக்கமும் வேலை நாள் ஒட்டி நிற்கிறது, அது வழிந்து உள்ளே வந்துவிடும்.

போன் விஷயத்தில் 35 நிமிடத்தோடு இழப்பு முடிவதில்லை. சோஃபி லெராய் என்கிற ஆய்வாளர் 2009இல் ‘கவன எச்சம்’ என்று ஒன்றைப் பற்றி எழுதினார்: ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால் மனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். குழாய்க்காரர் வந்தபோதும் நீங்கள் அந்தக் கோப்பையே நினைத்துக்கொண்டிருந்தீர்களா இல்லையா?

மேலதிகாரியிடம் பேசும்போது “கஷ்டமாக இருக்கிறது” என்று ஆரம்பிக்காதீர்கள், நம் கஷ்டம் அவருக்குப் புரியாது. அந்தத் தாளைக் காட்டுங்கள். நான்கு வாரம் எழுதி, மொத்த மணியைப் போட்டு, “இதற்குச் சம்பளம் போடுங்கள், அல்லது இதை என் வேலை நாளுக்கு மாற்றுங்கள்” என்று கேளுங்கள். அவசரம் என்றால் யார் எடுப்பது என்று ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமிக்கச் சொல்லுங்கள். இந்தக் கடைசிப் பாயிண்ட்தான் எனக்கு உதவியது.

கெஞ்சுகிற தொனி தேவையே இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1994இல் பகுதிநேர வேலைக்கென்றே 175ஆம் எண் உடன்படிக்கை ஒன்றைக் கொண்டுவந்தது. பகுதிநேரக்காரர் என்பதற்காக மட்டும் அடிப்படைச் சம்பளத்தை மணிக்கணக்கில் பார்த்தால் முழுநேரக்காரரைவிடக் குறைக்கக் கூடாது என்பது அதில் ஒரு பிரிவு. ஏற்றுக் கையெழுத்திட்ட நாடுகளை மட்டும்தான் அது கட்டுப்படுத்தும், அந்தப் பட்டியல் நீளமானதல்ல. அதனால் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் நியமனக் கடிதத்தையும் படித்துவிட்டுப் பேசுங்கள். ஓசியில் கொடுக்கிற நான்கே கால் மணி உங்கள் மணிச் சம்பளத்தைத்தானே குறைக்கிறது?

காத்திருக்கும் தோழி | சனி, பிற்பகல் 2.40

இங்கே எல்லோரும் பெற்றோர் பக்கமிருந்தே பேசுகிறீர்கள். நான் போட்டோவில் இருக்கிற பக்கம். எனக்குப் பிள்ளை இல்லை, முழுநேர வேலை, சனி ஞாயிறு ஓய்வு. என் நெருங்கிய தோழிகள் மூவருக்கும் பிள்ளைகள்.

எதிர்க்கட்சி சார், “காத்திருக்காதா” என்று கேட்டீர்கள். காத்திருப்பதில் எங்களுக்குச் சிரமம் இல்லை. ஆனால் காத்திருக்கிறோம் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் ஒருத்தியிடம் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் “கண்டிப்பா பார்க்கலாம்டி” என்று வந்தது. நான்காவது முறை விரல் போனுக்குப் போனது, கெஞ்சுவதுபோல் இருந்ததால் வைத்துவிட்டேன். எனக்குக் கோபமே இல்லை. இன்னொரு ‘பார்க்கலாம்’ கேட்க மனசில்லை, அவ்வளவுதான்.

உங்கள் தோழி மரியாதையாகப் பேசியது வலித்தது என்றீர்கள். அந்த மரியாதை ஒரே நாளில் வருவதில்லை. எத்தனை முறை மறுத்தீர்கள் என்று பழைய மெசேஜ்களைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள். குத்திக்காட்டச் சொல்லவில்லை.

எங்களுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். முழு நாள் வேண்டாம். மறுத்தால் மறுப்போடு ஒரு தேதி வேண்டும். “இந்த வாரம் முடியாது, 14ஆம் தேதி காலை வரட்டுமா?” என்றால் அது மறுப்பே இல்லை. அப்புறம், வீட்டைச் சுத்தம் செய்த பிறகுதான் கூப்பிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். நீங்கள் துணி மடிக்கிற அந்த 25 நிமிடத்தில் என்னைக் கூப்பிட்டால் நானும் சேர்ந்து மடிப்பேன். ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எப்போதும் பிள்ளைகளோடு மட்டுமே பார்ப்பது என்றால் அது எனக்குப் பற்றாது. உங்கள் பிள்ளைகளைப் பிடிக்கும். ஆனால் பாதி வாக்கியத்தில் எழுந்து ஓடுகிற ஆளிடம் என் அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பற்றி எப்படிச் சொல்வேன்? இருபது நிமிடம் போதும், ஆனால் முழுசாக உங்களிடம் பேச வேண்டும்.

அரைநாள் அம்மா | சனி, பிற்பகல் 3.05

மேலே தள்ளிப் பார்த்தேன். பதினொரு ‘பார்க்கலாம்’. போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வருகிறேன்.

பள்ளிவாசல் அப்பா | சனி, இரவு 9.15

நான் அப்பா. மனைவிக்கு முழுநேரம், நான் வாரத்துக்கு 20 மணி நேரம், பிள்ளையை விடுவதும் கூட்டி வருவதும் நான்தான். பள்ளி வாசலில் அம்மாக்கள் பத்துப் பேர் நிற்பார்கள். நல்லவர்கள், சிரிப்பார்கள், வழிவிடுவார்கள். நான் வந்ததும் பேச்சு மாறிவிடும். வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்ததே ஒரு வருடம் கழித்துத்தான். வகுப்பறையில் பேன் தொல்லை என்கிற செய்தி எனக்கு மட்டும் தெரியாமல் போய், மூன்று வாரம் சீப்பும் கையுமாக அலைந்தோம்.

என் நண்பர்கள் சந்திப்பது இரவு ஒன்பதுக்கு மேல். அப்போது நான் கதை சொல்லித் தூங்கவைத்துக்கொண்டே நானும் தூங்கிப் போயிருப்பேன். யாரோடும் சண்டை வரவில்லை. ஒருவன் வேறு ஊருக்கு மாறிப் போனதே எனக்கு நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. நாங்கள் எதையாவது செய்துகொண்டே பழகியவர்கள், விளையாட்டு, வண்டி, இப்படி. சேர்ந்து செய்வது நின்றதும் பேச்சும் நின்றுவிட்டது. சும்மா போன் போட்டு “எப்படி இருக்கே?” என்று கேட்க எங்களுக்கு வரவில்லை. இதற்கு என்னிடம் தீர்வு இல்லை. சொல்லி வைத்தேன், அவ்வளவுதான்.

திருந்திய கணவன் | ஞாயிறு, காலை 7.30

“போயிட்டு வாயேன்” சொல்கிற கட்சியில் நான் ஐந்து வருடம் உறுப்பினர். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது நான் தாராளமாக நடந்துகொள்கிறேன் என்றுதான் உண்மையாகவே நம்பினேன்.

ஒரு நாள் மனைவி வெளியே போயிருந்தபோது ஆறு முறை போன் செய்தேன். துண்டு எங்கே, எத்தனை சொட்டு, எந்தச் சட்டை. திரும்பி வந்தவள் திட்டவில்லை. “நீ பிள்ளையைப் பார்த்துக்கல, நான்தான் போன்ல பார்த்துக்கிட்டேன்” என்றாள்.

பிறகு ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. ஆலிசன் டாமிங்கர் என்கிற சமூகவியலாளர் 2019இல் வீட்டின் மூளை உழைப்பை நான்காகப் பிரித்திருக்கிறார்: என்ன தேவைப்படும் என்று முன்கூட்டி யோசிப்பது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. அவர் பேட்டி கண்ட தம்பதிகளில், முடிவெடுப்பதில் இருவரும் பங்கு போட்டுக்கொள்கிறார்களாம். முன்யோசனையும் கண்காணிப்பும்தான் பெரும்பாலும் பெண் தலையில் விழுகின்றன. என் வீட்டை ஒளிந்திருந்து பார்த்து எழுதியதுபோல் இருந்தது. நான் முடிவெடுக்கிற ஆள். சட்டை நீலமா பச்சையா என்பதை மட்டும் பிரமாதமாக முடிவெடுப்பேன்.

இப்போது சனிக்கிழமை காலை முழுவதும் என் பொறுப்பு. ‘உதவி’ என்கிற சொல்லை வீட்டில் தடை செய்துவிட்டோம். அவள் எதையும் எடுத்து வைப்பதில்லை, சொல்லிவிட்டும் போவதில்லை. முதல் மாதம் கேவலமாக இருந்தது. ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் பரிசே இல்லாமல் பிள்ளையைக் கூட்டிப் போனேன். ஒருமுறை காலுறை மாறிப் போட்டுவிட்டேன். அதைப் பார்த்தும் அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள் பாருங்கள், அதுதான் இந்த ஏற்பாட்டிலேயே கஷ்டமான பகுதி என்று பிறகு சொன்னாள். மூன்றுநாள்காரி அக்கா, நீங்களும் அதற்குத் தயாராக வேண்டும். நீங்கள் மடிக்கிற மாதிரி அவர் மடிக்க மாட்டார்.

ஒற்றை ஆள் | ஞாயிறு, இரவு 11.45

பொறுப்பைக் கைமாற்றக் கணவர் இருக்கிறார் என்பதே எனக்குப் பொறாமையாக இருக்கிறது. எனக்கு யாரும் இல்லை, நானும் மகளும்தான். எங்கள் ‘குடும்ப வார இறுதி’ என்றால் நான் ஒருத்தி இரண்டு நாள் தொடர்ந்து டியூட்டி.

என் வழி இது: மகளின் வகுப்பில் இன்னொரு குழந்தையின் அம்மாவோடு ஒப்பந்தம். ஒரு ஞாயிறு காலை மூன்று மணி நேரம் இரண்டு பிள்ளைகளும் என் வீட்டில், அடுத்த ஞாயிறு அவள் வீட்டில். நிமிடக் கணக்குப் பார்ப்பதில்லை, காய்ச்சல் என்றால் கேள்வி கேட்காமல் ரத்து, அந்த நேரத்தில் வீட்டு வேலை செய்யக் கூடாது. கடைசி விதியை நான் இரண்டு முறை மீறியிருக்கிறேன். ஒருமுறை மூன்று மணி நேரமும் தூங்கினேன், அதை மீறல் என்று சொல்வீர்களா தெரியாது.

பேரன் எடுத்தவள் | திங்கள், காலை 10.20

எதிர்க்கட்சி தம்பி சொன்னதைத்தான் நானும் செய்தேன். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது சனி ஞாயிறு முழுக்க அவர்களுக்கு. பெரியவனுக்குப் பதினாலு வயது ஆனபோது ஒரு சனிக்கிழமை காலை, “அம்மா, நான் பிரெண்ட்ஸோட போறேன்” என்று கிளம்பினான். அடுத்த வருடம் சின்னவளும். ஒரே வருடத்தில் வார இறுதி காலியாகிவிட்டது. போனை எடுத்தேன். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் பெயர்ப் பட்டியலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு 43 வயது.

பிறகு ஒருத்தியைக் கூப்பிட்டேன், ஒன்பது வருடம் கழித்து. பயந்து பயந்துதான். அவளோ “நீயா!” என்று கத்தினாள். எதிர்பாராமல் ஒரு பழைய நண்பர் விசாரித்தால் மக்கள் நாம் நினைப்பதைவிட அதிகமாகச் சந்தோஷப்படுகிறார்கள் என்று 2022இல் ஒரு ஆய்வு வந்ததாம், என் மகள் படித்துக் காட்டினாள். எனக்கு அது ஆய்வு இல்லாமலே தெரியும். ஆனால் மூன்று பேரைக் கூப்பிட்டதில் ஒருத்திதான் கத்தினாள். இன்னொருத்தி நாகரிகமாகப் பேசி வைத்துவிட்டாள். மூன்றாவது நம்பர் உபயோகத்தில் இல்லை.

இன்னொன்று. இரண்டு முழு நாளும் நான்கு பேரும் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இந்த வருடங்களில் எங்கெங்கோ கூட்டிப் போனோம். என் மகன் இன்றும் பேசுவது, வண்டி பஞ்சராகி ரோட்டோரம் நாலு பேரும் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலத்தைப் பற்றி மட்டும்தான்.

எதிர்க்கட்சி | திங்கள், காலை 11.00

அம்மா, நீங்கள் சொன்ன அந்தப் பெயர்ப் பட்டியல் விஷயம். ம். நான் இப்போதைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றுநாள்காரி | ஆறு வாரம் கழித்து, வெள்ளி, இரவு 9.40

கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு: என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். பாதி நடந்தது, பாதி நடக்கவில்லை.

அலுவலகம். நான்கு வாரத் தாளைக் கொண்டு போனேன், மொத்தம் 16 மணி. மேலதிகாரி முதலில் சிரித்தார், பிறகு இரண்டாவது முறை கூட்டிப் பார்த்தார். நாட்களை மாற்றித் தர முடியாது என்றுவிட்டார். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு ஒருவரை நியமித்தார். வெள்ளி போன் நின்றுவிட்டது. புதன் போன் அப்படியே இருக்கிறது, நான்தான் இப்போது மதியம் வரை எடுப்பதில்லை. முதல் புதன் அன்று எடுக்காமல் இருந்தபோது கை நடுங்கியது, சிரிக்காதீர்கள்.

வீடு. கணவரிடம் “உதவி வேண்டாம், சனிக்கிழமை காலை ஒன்பது மணி வரை முழுசாக உன்னுடையது” என்றேன். “ஒன்பது வரைக்கும் தூங்குவாங்க, ஈஸி” என்றார். முதல் சனிக்கிழமையே சின்னவன் ஆறே முக்காலுக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டான். மூன்று போன் வந்தது, ஒன்றைத்தான் எடுத்தேன். திரும்பி வந்தபோது பிள்ளை இரவு உடையிலேயே இருந்தான், கூடம் முழுக்கப் பொம்மை. நான் வாய் திறக்கவில்லை. திருந்திய கணவன் தம்பி சொன்னது சரி, அதுதான் கஷ்டம்.

தோழி. பழைய மெசேஜ்களை நானும் மேலே தள்ளிப் பார்த்தேன். எண்ணிக்கையைச் சொல்ல மாட்டேன். “சனி காலை ஆறரை, நடக்கப் போகலாமா? பிள்ளைகள் இல்லாமல்” என்று எழுதினேன். அவள் காலையில் எழுகிறவள் இல்லை. “ஆறரையா??” என்று இரண்டு கேள்விக்குறி போட்டாள், ஆனால் வந்தாள். முதல் அரைமணி நேரம் இருவரும் பிள்ளைகள், மழை, முட்டிவலி என்று அன்னியர்போல் பேசினோம். பிறகு பேச்சுவாக்கில், பழைய வேலையை விட்டு இரண்டு மாதம் ஆகிறது என்றாள். எனக்குத் தெரியாது. அவள் வேலை போகும் நிலையில் அலைந்துகொண்டிருந்த வாரங்களில் நான் அவளுக்கு இரண்டு சிரிப்புப் படம் அனுப்பியிருக்கிறேன். எதுவும் சொல்லத் தோன்றவில்லை, கூட நடந்தேன்.

இரண்டாம் வாரம் சின்னவனுக்குக் காய்ச்சல், ரத்து. ஆனால் மறுப்போடு தேதியும் அனுப்பினேன். மூன்றாம் வாரம் அவள் தூங்கிவிட்டாள். நான்காம், ஐந்தாம் வாரம் நடந்தோம். மற்ற இருவரும் வரவில்லை, அவர்களுக்கு இந்த நேரம் ஒத்துவரவில்லை. நான்கு பேரும் சேர்வது இனிமேல் வருடத்துக்கு ஒருமுறைதான் போலிருக்கிறது. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பெரியவள் கேட்கிறாள், “நீ மட்டும் ஏன் பிரெண்டைப் பார்க்கப் போறே, சனிக்கிழமை நம்ம நாள்தானே?” என்று. ஒன்பது மணிக்கு வந்துவிடுவேன் என்றேன். “அப்ப நான் என் பிரெண்டைக் கூப்பிட்டுக்கவா?” என்றாள். நாளைக்கு அந்தக் குழந்தை எட்டு மணிக்கே வருகிறது. கணவருக்கு இன்னும் சொல்லவில்லை.

காத்திருக்கும் தோழி | வெள்ளி, இரவு 9.58

சொல்லாதீர்கள். காலையில் அவரே தெரிந்துகொள்ளட்டும்.

எதிர்க்கட்சி | வெள்ளி, இரவு 10.20

உங்கள் கணவரிடமும் ஒன்று கேட்க வேண்டும் என்று பார்க்கிறேன். பொம்மைக்குவியலும் இரவு உடையும் தவிர வேறு சேதாரம் ஒன்றும் இல்லையா?

பள்ளிவாசல் அப்பா | வெள்ளி, இரவு 10.41

சனி காலை ஆறரை என்பது எனக்கு யோசிக்கவே தோன்றாத நேரம். இரவில் சந்திக்கிறவர்களை இரவிலேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். வேறு ஊருக்குப் போனவனை விடுங்கள், இங்கேயே இருக்கிற இன்னொருவனிடம் சைக்கிள் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது, இரண்டிலும் காற்று இல்லை. “நாளைக் காலை ஆறரை, பம்ப் நான் கொண்டு வருகிறேன்” என்று மெசேஜ் போட்டிருக்கிறேன். இரண்டு டிக் விழுந்துவிட்டது. நீலமாக இன்னும் மாறவில்லை.